கூட்டுத்தொகைக்கு மூடிய வடிவம்: எந்தக் கணக்குக்கு எந்த முறை?

1 முதல் 1000 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றையும் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நேர்வழியில் போனால் ஆயிரம் எண்களுக்கும் நீண்ட பெருக்கல்கள், அதன்பின் 999 கூட்டல்கள். இந்த விடையைக் கால்மணி நேரத்தில் பாதிக்கும் குறைவான பொழுதில் கண்டதாக யாக்கோப் பெர்னூலி எழுதியிருக்கிறார். அவர் மறைந்தபின் 1713-இல் வெளிவந்த நூலில் அந்த வரி இருக்கிறது. விடை 32 இலக்கங்கள் கொண்ட எண். பத்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகைக்கு அவர் ஒரு கோவையை முன்பே கண்டு வைத்திருந்தார். அதில் 1000-ஐ இட்டால், பெருக்கல் வேலையெல்லாம் சுழியங்களைச் சேர்ப்பதிலேயே முடிந்துவிடும்.

அத்தகைய கோவையைத்தான் மூடிய வடிவம் என்கிறோம். உறுப்புகளின் எண்ணிக்கை ந எவ்வளவு பெருகினாலும், செய்ய வேண்டிய வேலை அதோடு சேர்ந்து பெருகக் கூடாது. 1 + 2 + … + ந என்று எழுதினால் ந−1 கூட்டல்கள். ந(ந+1)/2 என்று எழுதினால் ஒரு கூட்டல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். இக்கட்டுரையில் ந என்பது உறுப்புகளின் எண்ணிக்கை. க என்பது 1, 2, 3 என்று ந வரை ஓடும் எண். வேறுவிதமாக வரும் இடத்தில் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாடநூலில் ஒவ்வொரு முறைக்கும் தனி இடம் உண்டு. கூட்டுத்தொடர் ஓரிடத்தில், பெருக்குத்தொடர் அடுத்த இடத்தில், பகுதிப் பின்னம் வேறோர் அத்தியாயத்தில், ஈருறுப்புக் கெழு இன்னொன்றில். அத்தியாயத்தின் தலைப்பே முறையைச் சொல்லிக் கொடுத்துவிடுவதால், எந்த முறையை எடுப்பது என்று மாணவர் முடிவெடுக்கும் தருணம் வருவதே இல்லை. ஒரு கூட்டல் தனியாகக் கண்முன் வந்து நிற்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. அந்தத் தடுமாற்றத்துக்காகவே இதை எழுதுகிறேன். முறைகளை ஒவ்வொன்றாக விளக்குவதைவிட, ஒரே கணக்கைப் பல முறைகளிடம் கொடுத்துப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தானே வெளிப்படும்.

திருப்பி எழுதிக் கூட்டுதல்

எல்லோருக்கும் முதலில் அறிமுகமாகும் முறை இது. 1 + 2 + … + ந என்பதை ஒரு வரியிலும், அதையே தலைகீழாக அடுத்த வரியிலும் எழுதுகிறோம். ஒவ்வொரு நெடுவரிசையிலும் ந+1 கிடைக்கிறது. அப்படி ந நெடுவரிசைகள். மொத்தத்தில் பாதி ந(ந+1)/2. சிறுவன் கௌஸ் 1 முதல் 100 வரை கூட்டி 5050 என்று உடனே சொன்னதாக வழங்கும் கதையில் வருவதும் இதுவே.

அழகான முறை. ஆனால் இதன் எல்லையை யாரும் சொல்லித் தருவதில்லை. வர்க்கங்களுக்கு இதைப் பயன்படுத்திப் பார்ப்போம். கூட்டுத்தொகையைக் கூ என்போம். க² உடன் (ந+1−க)²-ஐச் சேர்த்தால் (ந+1)² − 2(ந+1)க + 2க² வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் இடப்பக்கம் 2கூ; வலப்பக்கம் ந(ந+1)² − ந(ந+1)² + 2கூ. அதாவது 2கூ = 2கூ. ஒரு பக்கம் நிறையக் கணக்குப் போட்ட பிறகு எதுவும் கிடைக்கவில்லை. மாணவப் பருவத்தில் இந்த இடத்தில் நான் எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று நம்பி ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். பிழை ஏதும் இல்லை. முறை அவ்வளவுதான் தரும்.

கனங்களுக்கு இதே வேலையைச் செய்தால் நிலைமை மாறுகிறது. க³ + (ந+1−க)³ என்பதில் க³ நீங்கிவிடுகிறது. (ந+1)³ − 3(ந+1)²க + 3(ந+1)க² மட்டும் மிஞ்சுகிறது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை தெரிந்தால் கனங்களின் கூட்டுத்தொகை ந²(ந+1)²/4 என்று வந்துவிடுகிறது. ஒற்றைப்படை அடுக்குகளுக்கு விடை, இரட்டைப்படை அடுக்குகளுக்கு வெறும் சமனி. ஆகவே அடுக்குத் தொடர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதன் உண்மையான வீடு ஈருறுப்புக் கெழுக்கள். அங்கே மீண்டும் இதைச் சந்திப்போம்.

வர்க்கங்களின் கூட்டுத்தொகை: மூன்று வழிகள்

முதல் வழி, வேறுபாட்டு முறை. (க+1)³ − க³ = 3க² + 3க + 1. இதை க = 1 முதல் ந வரை கூட்டினால் இடப்பக்கத்தில் நடுவிலுள்ளவை எல்லாம் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு (ந+1)³ − 1 மட்டும் மிஞ்சும். வலப்பக்கத்தில் 3கூ + 3ந(ந+1)/2 + ந. கூ-ஐத் தனியே எடுத்தால் ந(ந+1)(2ந+1)/6. பிழைக்கு இடம் குறைவு. ஏன் இது நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. குறை ஒன்று உண்டு: நான்காம் அடுக்குக்கு மூன்றாம் அடுக்கின் விடை வேண்டும், அதற்கு இரண்டாம் அடுக்கின் விடை வேண்டும். ஏணியில் ஒரு படியையும் தாண்ட முடியாது.

இரண்டாம் வழி, கெழுக்களைக் கண்டறிதல். விடை மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை என்று எடுத்துக்கொண்டு அ·ந³ + ஆ·ந² + இ·ந என்று எழுதுகிறோம். ந = 1, 2, 3 என்று இட்டால் மதிப்புகள் 1, 5, 14. மூன்று சமன்பாடுகளைத் தீர்த்தால் அ = 1/3, ஆ = 1/2, இ = 1/6. முடிந்தது.

இந்த வழியை 'ஊகம்' என்று ஒதுக்குவோர் உண்டு. அது சரியில்லை. படி ப கொண்ட பல்லுறுப்புக்கோவையை 1 முதல் ந வரை கூட்டினால் படி ப+1 கொண்ட பல்லுறுப்புக்கோவையே வரும் என்பது நிறுவப்பட்ட உண்மை. மூன்றாம் படிக்கு மிகாத இரண்டு கோவைகள் நான்கு இடங்களில் ஒத்துப்போனால் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகும். நாம் 0, 1, 2, 3 ஆகிய நான்கு இடங்களில் ஒத்துப்பார்த்துவிட்டோம். ஆகவே அந்த நான்கு சரிபார்ப்புகளே முழு நிறுவல். படி தெரிந்தபின் எண்களைச் சரிபார்ப்பது நிறுவலாகிறது. படி தெரியாமல் சரிபார்ப்பது வெறும் நம்பிக்கை. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பின்னால் ஊகத்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். பத்தாம் அடுக்கு போன்ற பெரிய கணக்கைக் கையால் செய்வதானால் பதினொரு தெரியாக் கெழுக்களோடு மல்லாட வேண்டியிருக்கும் என்பதே இந்த வழியின் விலை.

மூன்றாம் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. க² என்பதை நேராகத் தொடாமல் க(க+1) − க என்று எழுதுகிறோம். தொடர்ந்துவரும் எண்களின் பெருக்கற்பலனுக்கு ஓர் அரிய குணம் உண்டு: 3·க(க+1) = க(க+1)(க+2) − (க−1)க(க+1). அதனால் க(க+1)-இன் கூட்டுத்தொகை உடனே ந(ந+1)(ந+2)/3. அதிலிருந்து ந(ந+1)/2-ஐக் கழித்தால் வேலை முடிந்தது. கனங்களுக்கு க³ = (க−1)க(க+1) + க என்று உடைத்தால் போதும்; (ந−1)ந(ந+1)(ந+2)/4 + ந(ந+1)/2, சுருக்கினால் ந²(ந+1)²/4. முந்தைய ஏணியைப் படிப்படியாக ஏற வேண்டியதில்லை. எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் இப்படித் தொடர்பெருக்கங்களாக உடைத்துவிடலாம், உடைத்த பிறகு கூட்டல் என்பது ஒரு காரணியைச் சேர்த்து ஓர் எண்ணால் வகுப்பது மட்டுமே.

இது புதிய எண்ணம் இல்லை. 499-இல் ஆரியபடர் தந்த விதிகளில் வர்க்கங்கள், கனங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகைகளோடு, 1, 1+2, 1+2+3 என்று அடுக்கிக்கொண்டே போகும் குவியலின் மொத்தமும் இருக்கிறது. அது ந(ந+1)(ந+2)/6, நாம் மேலே கண்டதில் சரிபாதி. அதையே (ந+1)³ − (ந+1) என்பதை ஆறால் வகுத்தது என்றும் அவர் சொல்கிறார். 1356-இல் நாராயண பண்டிதர் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் திரும்பக் கூட்டும் பொது விதியாக விரித்தார். பழைய வழி, இன்றும் கையால் கணக்கிடுபவருக்கு மிகச் சிக்கனமான வழி.

க·2^க: அடுக்கும் பெருக்கமும் கலந்தால்

1·2 + 2·4 + 3·8 + … + ந·2^ந. இங்கே பெரும்பாலோர் கையில் எடுப்பது பெருக்கிக் கழித்தல். கூ-ஐ இரண்டால் பெருக்கி ஓர் இடம் தள்ளி எழுதிக் கழித்தால் −கூ = 2 + 4 + … + 2^ந − ந·2^(ந+1). பெருக்குத்தொடரைக் கூட்டினால் கூ = (ந−1)·2^(ந+1) + 2. ந = 2 என்று இட்டால் 10; நேரில் கூட்டினாலும் 2 + 8 = 10.

இரண்டாவது, வகையிடல். 1 + ம + ம² + … + ம^ந என்பதன் கூட்டுத்தொகை (ம^(ந+1) − 1)/(ம − 1). இருபுறமும் ம-ஐப் பொறுத்து வகையிட்டு, ம-ஆல் பெருக்கி, ம = 2 என்று இட வேண்டும். விடை அதேதான். ஆனால் வகுத்தலின் வகையிடல் விதி அந்தக் கோவையைக் கனமாக்கிவிடுகிறது. 2-க்குப் பதிலாகப் பொதுவான ஒரு விகிதத்துக்கு விடை வேண்டும் என்றால் இதில் நியாயம் இருக்கிறது. 2-க்கு மட்டும் என்றால் தேவைக்கு மிஞ்சிய கருவி. பொது விகிதத்தோடு வேலை செய்யும்போது ஒரு கண்ணி உண்டு: விகிதம் 1 என்றால் பகுதி சுழியமாகிவிடும். பெருக்கிக் கழித்தலிலும் அதே இடத்தில் அதே ஆபத்து. தேர்வுத்தாள்களில் மதிப்பெண் கரையும் இடம் இது. விகிதம் 1 என்ற நிலையைத் தனியாக எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, வேறுபாட்டு முறையும் கெழுக் கண்டறிதலும் கைகோத்தது. ப(க+1) − ப(க) = க·2^க ஆகும்படி ஒரு ப(க) வேண்டும். அது (அ·க + ஆ)·2^க வடிவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கழித்தால் (அ·க + 2அ + ஆ)·2^க. ஒப்பிட்டால் அ = 1, ஆ = −2. கூட்டுத்தொகை ப(ந+1) − ப(1). அவ்வளவுதான்.

இப்போது கணக்கைச் சற்றே கடினமாக்கி க²·2^க என்று வைத்தால் மூன்றும் பிரிந்துவிடுகின்றன. பெருக்கிக் கழித்தலை இரண்டு முறை செய்ய வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவது மீண்டும் ஒரு கலப்புத் தொடர். வகையிடலும் இருமுறை; இரண்டாம் முறை கோவை பக்கத்தை நிரப்பும். மூன்றாவது வழியில் ஒரே ஒரு கெழு கூடுகிறது: (அ·க² + ஆ·க + இ)·2^க என்று வைத்தால் அ = 1, ஆ = −4, இ = 6. விடை (ந² − 2ந + 3)·2^(ந+1) − 6. ந = 2 என்றால் 18; நேரில் 2 + 16 = 18. மூன்று வரிகளில் முடிந்த இந்தக் கணக்கைப் பெருக்கிக் கழித்தலால் அரைப்பக்கத்துக்கு நீட்டுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. வகுப்பறைகளில் முதல் வழி மட்டுமே பழகிப்போயிருப்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

பின்னங்கள்

இங்கே தேர்வு சுலபம்: பகுதிப் பின்னமாக உடைத்து நீக்கவிடுவது. 1/(க(க+1)) = 1/க − 1/(க+1); கூட்டுத்தொகை ந/(ந+1). 1/(க(க+2)) என்றால் இடைவெளி இரண்டு, ஆகவே முன்னால் இரண்டு உறுப்புகளும் பின்னால் இரண்டு உறுப்புகளும் மிஞ்சும்: பாதி × (1 + 1/2 − 1/(ந+1) − 1/(ந+2)). ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடுவது இந்த முறையில் மிகப் பரவலான பிழை. ந = 1 என்று இட்டு முதல் உறுப்பு வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை; அந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

உடைக்க முடிந்துவிட்டால் விடை வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. 1/(க(2க+1)) = 1/க − 1/(க + 1/2). உடைந்துவிட்டது, ஆனால் இடைவெளி அரை. முழு எண் அடிகளில் நடக்கும் க ஒருபோதும் அந்த அரையைத் தாண்டி அடுத்த உறுப்பின் மேல் விழாது. எதுவும் நீங்காது.

மேலெல்லை உறுப்புக்குள்ளும் இருக்கிறதா?

இதுவரை பார்த்த கூட்டல்களில் ந எல்லையில் மட்டுமே இருந்தது. உறுப்புக்குள் க மட்டும். ந பேரிலிருந்து க பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை, அதாவது ஈருறுப்புக் கெழுவை, சே(ந, க) என்று குறித்தால், சே(ந, 0) + சே(ந, 1) + … + சே(ந, ந) என்ற கூட்டலில் ந எல்லையிலும் இருக்கிறது, ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் இருக்கிறது. ந-ஐ ஒன்று கூட்டினால் ஓர் உறுப்பு சேர்வதோடு நிற்காது, இருந்த உறுப்புகள் எல்லாம் மாறிவிடும்.

எந்த முறையை எடுப்பது என்ற முடிவில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை 'இல்லை' என்றால் வேறுபாட்டு முறையும் அதன் உறவுகளும். 'ஆம்' என்றால் அவற்றை எடுத்துவைத்துவிட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும். வேறுபாட்டு முறை பாதியில் நிறுத்திய கூட்டலையும் தரும் அளவுக்கு வலியது. அதனாலேயே, முழுதாகக் கூட்டினால் மட்டும் அழகாக முடியும் தொடர்களிடம் தோற்றுவிடுகிறது. ஈருறுப்புக் கெழுக்களை முழுவதும் கூட்டினால் 2^ந. பாதியில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்தினால் பொதுவாக எந்த எளிய வடிவமும் இல்லை. குறிகளை மாற்றி மாற்றிக் கூட்டினால் மட்டும் நிலைமை தலைகீழ்: எங்கே நிறுத்தினாலும் விடை உண்டு. 1 − 5 + 10 = 6, இது சே(4, 2).

க·சே(ந, க)-ஐ 0 முதல் ந வரை கூட்டுவோம். திருப்பி எழுதும் முறை இங்கே ஒளிர்கிறது: சே(ந, க) = சே(ந, ந−க) என்பதால் க-உம் ந−க-உம் சேர்ந்து ந ஆகிவிடும்; 2கூ = ந·2^ந; கூ = ந·2^(ந−1). வகையிடலும் இரண்டே வரி: (1+ம)^ந-ஐ வகையிட்டு ம = 1. எண்ணிப்பார்த்தல் மூன்றாவது வழி: ந பேரில் ஒரு குழுவையும் அக்குழுவுக்குள் ஒரு தலைவரையும் தேர்ந்தெடுக்கிறோம். குழுவை முதலில் எடுத்தால் நம் கூட்டல்; தலைவரை முதலில் எடுத்தால் ந வழிகள், மீதி ந−1 பேர் ஒவ்வொருவரும் குழுவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதே விடை.

எண்ணிப்பார்த்தலின் உச்சம் சே(ந, க)²-இன் கூட்டுத்தொகை. ஒவ்வொன்றிலும் ந பேர் கொண்ட இரண்டு அணிகளிலிருந்து மொத்தம் ந பேரை எடுக்க வேண்டும். முதல் அணியிலிருந்து க பேர், இரண்டாவதிலிருந்து ந−க பேர். எல்லாம் சேர்ந்தால் 2ந பேரிலிருந்து ந பேர்: சே(2ந, ந). ந = 4 என்றால் 1 + 16 + 36 + 16 + 1 = 70. ஒரே வாக்கியத்தில் முடிந்தது. இந்த வழியில் புரிந்துகொண்டவர் அந்த வாய்ப்பாட்டை மறக்க மாட்டார்.

ஆனால் எண்ணிப்பார்த்தலுக்குப் படிமுறை கிடையாது. பொருத்தமான கதை தோன்ற வேண்டும், தோன்றாவிட்டால் காத்திருக்க வேண்டும். கழித்தல் குறியும் பின்னமும் வந்தால் கதை சிக்கலாகும். சே(ந, க)/(க+1)-இன் கூட்டுத்தொகைக்குக் கதை தேடுவதைவிட (1+ம)^ந-ஐ 0 முதல் 1 வரை தொகையிடுவது மேல்: (2^(ந+1) − 1)/(ந+1). நேரம் குறைவாக உள்ளவருக்கு ஈருறுப்புத் தேற்றத்தையும், அந்த வாய்ப்பாடு தமக்கே சொந்தமாக வேண்டும் என்று விரும்புபவருக்கு எண்ணிப்பார்த்தலையும் சொல்வேன்.

ஊகமும் தொகுத்தறிதலும்

சில மதிப்புகளைக் கணக்கிட்டு, அமைப்பைக் கண்டு, கணிதத் தொகுத்தறிதலால் நிறுவுவது. பலர் இதைத்தான் முதல் முறையாகக் கற்கிறார்கள். இதில் எனக்கு ஒரு குறை உண்டு: தொகுத்தறிதல் விடையைத் தேடித் தராது, கொடுத்த விடையைச் சோதிக்கும். தேடல் முழுவதும் ஊகத்தின் தலையில் விழுகிறது. ஊகமோ எளிதில் ஏமாறும். சே(ந, 0) முதல் சே(ந, 4) வரை ஐந்து உறுப்புகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். ந = 0, 1, 2, 3, 4 என்றால் 1, 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று எழுதக் கை துடிக்கும். வருவது 31.

காரணியப்பெருக்கங்களில் ஊகம் நன்றாக வேலை செய்வதும் உண்டு. க·க! கூட்டினால் 1, 5, 23, 119. ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டினால் 2, 6, 24, 120 என்று கண்ணில் பட்டுவிடும், விடை (ந+1)! − 1. ஆனால் இதைக்கூட க·க! = (க+1)! − க! என்று எழுதினால் ஊகிக்கவே வேண்டியதில்லை.

இன்னும் சொன்னால் இவ்விரண்டும் ஒன்றே. தொகுத்தறிதலில் நாம் செய்வது ப(ந) − ப(ந−1) என்பது கடைசி உறுப்புக்குச் சமமா என்று பார்ப்பது. வேறுபாட்டு முறையில் அதே சமன்பாட்டை ப தெரியாத நிலையில் எழுதி, ப-ஐத் தேடுகிறோம். இதை உணர்ந்த பிறகு தொகுத்தறிதலை நான் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எந்த முறையில் கண்ட விடையானாலும் இரண்டு வரிகளில் அது பிழையைப் பிடித்துவிடும். அந்தப் பணியில் அதற்கு ஈடு இல்லை.

விடையே இல்லாதபோது

1 + 1/2 + 1/3 + … + 1/ந. இதற்கு மூடிய வடிவம் தேடி நாட்களைச் செலவிடுபவர்களை நான் அறிவேன். அவர்கள் அறிய வேண்டியது இது: இந்தத் தொகைக்கு ந-இன் விகிதமுறு கோவையாக, அதாவது இரண்டு பல்லுறுப்புக்கோவைகளின் விகிதமாக, எந்த விடையும் இருக்க முடியாது. ஒரு விகிதமுறு கோவை ந-ஓடு சேர்ந்து எல்லையின்றி வளர்ந்தால், குறைந்தது ந அளவு வேகத்திலாவது வளர வேண்டும். இந்தத் தொகை எல்லையின்றி வளர்கிறது, ஆனால் ஆமை வேகத்தில்: ஆயிரம் உறுப்புகளுக்கு ஏறக்குறைய 7.49, பத்து லட்சம் உறுப்புகளுக்கு ஏறக்குறைய 14.39. அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையும் அனுமதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ந! என்பதும் அப்படி ஒரு காலத்தில் வைத்த பெயர்தானே. எது மூடியது என்பது நாம் எந்தக் குறியீடுகளை ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1! + 2! + … + ந! பார்க்க எளியது: 1, 3, 9, 33, 153. இதற்கும் இல்லை. இப்படி 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லும் வலிமை கணினிப் படிமுறைகளுக்கு உண்டு. 1978-இல் பில் காஸ்பர் வெளியிட்ட படிமுறை, அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் க-இன் விகிதமுறு கோவையாக இருக்கும் எந்தத் தொடரையும் எடுத்துக்கொள்ளும். க!, க·2^க, 1/க எல்லாம் அந்த இனமே. ப(க+1) − ப(க) = உறுப்பு என்பதற்கு அதே இனத்தில் ஒரு ப இருந்தால் தரும்; தராவிட்டால் அப்படி ஒன்று இல்லை என்பதே நிறுவல். நாம் கையால் செய்த கெழுக் கண்டறிதலை அது முழுமையாக்கியிருக்கிறது. மேலெல்லை உறுப்புக்குள்ளும் வரும் கூட்டல்களுக்கு டொரோன் சைல்பெர்கரின் 1990-ஆம் ஆண்டுப் படிமுறை உதவுகிறது; அது கூட்டுத்தொகை நிறைவேற்றும் ஒரு மீள்தொடர்பை, அதாவது முந்தைய மதிப்புகளிலிருந்து அடுத்த மதிப்பைத் தரும் சமன்பாட்டை, தரும். அந்த மீள்தொடர்புக்கு மூடிய விடை உண்டா என்பதை மார்கோ பெட்கோவ்ஷெக்கின் 1992-ஆம் ஆண்டுப் படிமுறை தீர்மானிக்கிறது.

விடை மட்டும் தேவைப்படுபவர் இயற்கணித மென்பொருளிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அரை மணி முயன்றும் வழி தெரியாதபோது, விடை இருக்கிறதா என்று மட்டும் அதனிடம் கேட்டுவிட்டு மீண்டும் தாளுக்குத் திரும்புவதையும் நான் தவறாக நினைக்கவில்லை. இல்லாத ஒன்றைத் தேடும் களைப்பு அதனால் மிச்சமாகும். கற்கும் நிலையில் உள்ளவர் மென்பொருளிலேயே தொடங்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். அது ப(க)-ஐக் காட்டும், அதை எங்கே தேடினோம் என்பதைக் காட்டாது.

சே(ந, க)-ஐ வர்க்கமாக்கினால் சே(2ந, ந) என்று பார்த்தோம். கனமாக்கினால்? ந = 0, 1, 2, 3, 4 என்றால் 1, 2, 10, 56, 346. மேற்சொன்ன படிமுறைகள் இதற்கு அத்தகைய மூடிய வடிவம் இல்லை என்று நிறுவிவிட்டன. ஆனால் 1894-இலேயே ஃபிரனெல் இதற்கு ஒரு மீள்தொடர்பு தந்திருந்தார். ந-க்குரிய மதிப்பை ஃப(ந) என்றால், (ந+1)²·ஃப(ந+1) = (7ந² + 7ந + 2)·ஃப(ந) + 8ந²·ஃப(ந−1). முந்தைய இரண்டு மதிப்புகள் கையில் இருந்தால் அடுத்தது சில பெருக்கல்களில் வந்துவிடும். இத்தகைய கணக்கில் இதையே நான் விடையாக ஏற்றுக்கொள்கிறேன். ந = 4 என்று இடுங்கள்: 142 × 346 + 128 × 56 = 56300. இருபத்தைந்தால் வகுத்தால் 2252. நேரில் கூட்டினால் 1 + 125 + 1000 + 1000 + 125 + 1, அதே 2252.